மூன்றாம் மாடிக் கதவை யார் திறப்பது?

கேள்வி: ஐயா, தஞ்சை மாவட்டத்தில் ஒரு கடைவீதியில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் ஜவுளிக்கடையை நான்தான் நிர்வாகம் செய்கிறேன். தரைத்தளமும் முதல் மாடியும் விற்பனைக்கு, இரண்டாம் மாடி குடோன். மூன்றாம் மாடியில் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் பதினான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக இரவு பத்து மணிக்குப் படிக்கட்டுக் கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் வைத்துக்கொள்வார். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றைப் புதுப்பிக்கப் போனபோது, அவசரகாலத் திட்டம் எழுதி வையுங்கள், ஒத்திகை நடத்துங்கள் என்றார்கள். ஒரு கன்சல்டன்ட் அறுபது பக்க ஃபைல் போட்டுத் தர 35,000 ரூபாய் கேட்கிறார். மாதிரியை இணைத்திருக்கிறேன். இது சட்டப்படி கட்டாயமா? அந்த ஃபைல் போதுமா? என் மனைவி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. இதையே பெயர் மாற்றிப் பள்ளிக்கும் கொடுத்துவிடலாமா? இன்சூரன்ஸுக்கும் இது உதவுமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில் (தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்):

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சாவியை வாட்ச்மேன் வைத்துக்கொள்வார் என்று, முதலில் அதை முடித்துவிடலாம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு பேர் தூங்குகிற தளத்துக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் உறையோடு அடுக்கிய துணிகளும் அட்டைப் பெட்டிகளுமாக ஒரு தளம். இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு குடோனில் ஒரு ஒயர் உருகிப் பற்றிக்கொண்டால், தீ மேலே போவதற்கு வெகு முன்பே புகை போய்விடும். அந்தப் படிக்கட்டுதான் அதற்குப் புகைபோக்கி. பாலியஸ்டர் எரிகிற புகையைச் சில மூச்சு இழுத்தாலே ஆளுக்கு நிதானம் போய்விடும். கட்டடத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான். அந்த நேரத்தில் சாவி எங்கே இருக்கிறது? தரைத்தளத்தில், வாட்ச்மேனின் சட்டைப் பையில். அவர் விழித்து, விஷயம் புரிந்து, அதே புகைக்குள் மூன்று மாடி ஏறி, இருட்டில் பூட்டைத் தடவிப் பார்த்துத் திறக்க வேண்டும். மூச்சுக்கருவி மாட்டிய இளவயதுக்காரர்களே திணறுகிற வேலை அது.

2019 டிசம்பர் 8 அதிகாலையில் டெல்லி அனாஜ் மண்டியில் ஒரு கட்டடம் எரிந்தது. சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் இருந்த கட்டடம். வேலை செய்த இடத்திலேயே தொழிலாளர்கள் படுத்திருந்தார்கள். 43 பேர் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கட்டியவர்களும் பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னார்கள்.

பூட்டாமல் விட்டால் பெண் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று சித்தப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பயப்படுவது வெளியாள் மேலே ஏறிவிடுவான் என்பதற்கு. அதற்கு, வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாத, உள்ளேயிருந்து கையால் திருகினால் திறந்துகொள்கிற பூட்டு போதும். பூட்டுக் கடையில் நைட் லாட்ச் என்று கேட்டால் தருவார்கள். கொஞ்சம் செலவு செய்யத் தயாரென்றால், தியேட்டர் கதவுகளில் இருப்பதுபோல உடம்பால் தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் போடலாம். வெளியேறும் வழியில் உள்ள கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே இருக்கும் விதி. அந்த வாசலின் அகலம் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்கள் கேட் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஜன்னல் கம்பிகளில் ஒன்றையாவது உள்ளேயிருந்து திறக்கும் கிரில்லாக மாற்றுங்கள். அது தெருப்பக்கம் இருந்தால் எங்கள் ஏணி வந்து சேரும். குடோனிலும் படிக்கட்டிலும் பேட்டரியில் ஓடும் புகை அலாரம் மாட்டுங்கள். குடோனில் சத்தம் எழுந்தால் மேலே தூங்குகிறவர்களுக்குக் கேட்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே பூட்டு விதிதான். பக்கத்துக் கடையின் மாடி உங்கள் மாடியோடு ஒட்டியிருந்தால் அந்த முதலாளியிடம் பேசி, அந்தப் பக்கம் இறங்க ஒரு வழி கேளுங்கள். இன்னொன்று: பெண்கள் தங்கும் விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் வழியாக உரிமம் வாங்க வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் துணிக் குடோனுக்கு மேலே ஆட்கள் தூங்குவது எனக்குச் சம்மதமில்லை. வாடகைக்கு ஒரு வீடு பார்த்து அவர்களை அங்கே மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அதுவரைக்கும்தான் மேலே சொன்ன ஏற்பாடுகள்.

இனி சட்டம். கட்டாயமா என்றால், ஆம். எந்தச் சட்டத்தின் கீழ் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அவசரகாலத் திட்டம் என்பது இந்தியச் சட்டத்தில் பெரிய எழுத்தில் ஏறியது போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு விஷவாயு கசிந்தபோது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சுற்றியிருந்த ஜனங்களுக்குத் தெரியவில்லை. என்ன வாயு, என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்களுக்கும் தெரியவில்லை. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலை நடக்கும் ஆலை, வளாகத்துக்குள் என்ன செய்வோம் என்ற திட்டத்தை எழுதி, தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று ஆனது. 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகள் இன்னும் இறுக்கின: ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு ஒத்திகை, ஆலைக்கு வெளியே ஊருக்கான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. அதன் 32-ஆம் பிரிவுப்படி மாவட்ட அளவிலான ஒவ்வொரு அரசு அலுவலகமும் தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையம் அதை மேற்பார்க்கும். எத்தனை அலுவலகங்களில் அந்த ஃபைல் தூசி தட்டப்பட்டிருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களைப் போன்ற கடைகளுக்கு இந்த ரசாயன விதிகள் பொருந்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது தீயணைப்புத் துறை தரும் சான்றும், அதோடு வரும் நிபந்தனைகளும், கட்டட விதிகளும்தான். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம். மூன்று மாடி உள்ள உங்கள் கட்டடம் அதற்குள் வராது. உயர்மாடிகளுக்குத் தேசிய விதித் தொகுப்பு சொல்கிற ஒத்திகைக் கணக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் ஆறு மாதக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஜவுளிக்கடையில் ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். போன ஆடித் தள்ளுபடியில் ஒத்திகை பார்த்த பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தப் பொங்கலுக்கு இருக்க மாட்டார்கள்.

கன்சல்டன்ட் தந்த மாதிரியைப் புரட்டிப் பார்த்தேன். குளோரின் வாயு கசிந்தால் என்ன செய்வது என்று மூன்று பக்கம் இருக்கிறது. பட்டுச் சேலைக் கடையில் குளோரின் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு சாய ஆலைக்கு எழுதியதை அப்படியே எடுத்து உங்கள் கடைப் பெயரை மேலே போட்டிருக்கிறார். மூன்றாம் மாடியில் ஆட்கள் தங்குவது அறுபது பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை. படிக்கட்டில் ஏறிப் பார்த்திருந்தால் எழுதியிருப்பார். 35,000 ரூபாயை மிச்சப்படுத்தி, பூட்டுக்கும் அலாரத்துக்கும் செலவழியுங்கள். திட்டத்தை நீங்களே எழுதலாம். தரைப்பட வரைபடத்தோடு சேர்த்து ஐந்தாறு பக்கம் தாண்டாது.

எழுத உட்காருவதற்கு முன், உங்கள் கடையின் மிக மோசமான நேரம் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று ராத்திரி இரண்டு மணி, அதைப் பேசிவிட்டோம். இன்னொன்று தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி. இரண்டு தளத்திலும் தலை தலையாகக் கூட்டம், கைக்குழந்தைகள், சேலை பார்க்கிற பெண்களுக்குத் துணையாக வந்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட பாட்டிகள். சரக்கு வைக்க இடமில்லாமல் படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டிகள். வெளியே நடைபாதைக் கடைகள் தெருவை அடைத்திருக்கும். நீங்களோ கல்யாணத்துக்கோ, கொள்முதலுக்கோ வெளியூரில். இந்த இரண்டு நேரத்துக்கும் தாங்குகிற திட்டம் மற்ற எல்லா நேரத்துக்கும் தாங்கும்.

நீங்கள் இல்லாத நாளில் என்றது சும்மா இல்லை. நான் பார்த்த திட்டங்களில் முக்கால்வாசி, மேலாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும், மேலாளர் முடிவு செய்வார் என்றுதான் தொடங்கும். மேலாளர் போனை எடுக்கவில்லை என்றால் கட்டடமே காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் திட்டத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: புகையையோ தீயையோ முதலில் பார்ப்பவர், அவர் யாராக இருந்தாலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அலாரத்தை அடிக்கலாம், 101-ஐயோ 112-ஐயோ அழைக்கலாம். தவறான அலாரம் என்று பிறகு தெரிந்தால் யாரும் திட்டக்கூடாது. இதில் சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும். துடைக்கிற அம்மாவுக்கும் இது வாசித்துக் காட்டப்பட வேண்டும். தீயணைப்பு வண்டியை அழைத்தால் பணம் கட்ட வேண்டுமோ என்று தயங்குகிற முதலாளிகளை இன்னும் பார்க்கிறேன். தீ அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.

அழைப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி பில் கவுண்டரில் ஒட்டிவிடுங்கள்: கடைப் பெயர், எந்தக் கோயிலுக்கு அல்லது பேங்குக்குப் பக்கம், எந்தத் தளத்தில் எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, எந்தத் தெரு வழியாக வந்தால் பெரிய வண்டி நுழையும். கடைசிச் செய்தி ரொம்ப முக்கியம். கடைவீதியில் தாழ்வாகத் தொங்கும் கேபிளும் துணிப் பந்தலும் வண்டியை நிறுத்தி வைத்துவிடும்.

அடுத்து, பொறுப்புகள். ஆள் பெயர் மட்டும் எழுதினால் அந்த ஆள் லீவு போட்ட நாளில் காரியம் கெடும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கிறவர் என்று எழுதுங்கள். முதல் மாடி பில் கவுண்டரில் இருப்பவர் அறிவிப்பார்; டிரயல் ரூம் பக்கம் நிற்பவர் டிரயல் ரூம், கழிப்பறை, பின்பக்க அறை மூன்றையும் தட்டித் திறந்து பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவார்; வாசல் செக்யூரிட்டி இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, யாரும் திரும்ப உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வார். பாட்டிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் கைபிடித்து இறக்க ஒரு தளத்துக்கு இரண்டு பேர். லிஃப்டைத் தொடக்கூடாது. அறிவிப்புக்கு மைக்கை நம்பாதீர்கள். கரண்ட் போனால் மைக்கும் போகும். பேட்டரி மெகாஃபோன் ஒன்று வாங்கி வையுங்கள். என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் இறங்க வேண்டும், இரண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஜனங்கள் பதறுவார்கள் என்று மழுப்பலாகச் சொன்னால், அரைமணி நேரம் பேசி விலை குறைத்த சேலையை விட்டுவிட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பில் போடாத துணியோடு ஆள் வெளியேறினால்? இந்தக் கேள்வியை உங்கள் கேஷியர் கட்டாயம் கேட்பார். போகட்டும் என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். 2004 ஆகஸ்ட் 1 அன்று பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட் எரிந்தபோது, காசு கொடுக்காமல் போய்விடுவார்களென்று கதவுகளை மூடினார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பதற்றத்தில் கேஷியர் தானாக முடிவெடுத்தால் பழக்கத்தில் ஷட்டரைத்தான் இறக்குவார். அவர் பாவம், முதலாளியின் சரக்கைக் காப்பாற்றுவதாக நினைப்பார்.

ஷட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பின்வாசலில் பொத்தானை அழுத்தினால் ஏறுகிற மின்சார ஷட்டர் இருக்கிறதா? புதுக் கடைகள் எல்லாவற்றிலும் அதுதான். கரண்ட் இல்லாதபோது அதைக் கையால் தூக்கச் சங்கிலியோ சுழற்றும் கைப்பிடியோ மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கடையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் அதன் மேல் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருக்கிறார்கள். வியாபார நேரம் முழுவதும் அந்த ஷட்டர் ஏறியே இருக்கட்டும். அதன் முன்னால் சரக்கு வைக்கக்கூடாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்ததற்குக் காரணம் கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மர் மட்டும் இல்லை. கூடுதல் இருக்கை போட்டதில் பால்கனியின் ஒரு பக்க வழியே அடைபட்டுப் போயிருந்தது. நாற்காலி போட்ட இடத்தில் உங்கள் கடையில் அட்டைப் பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல். தீ என்றதும் யாராவது ஓடிப்போய் இ.பி. மெயினை அணைப்பார். நல்ல காரியம். சில நொடிகளில் தானியங்கி ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். கரண்ட் போய்விட்டது, நான் வந்துவிட்டேன் என்று அது எரிகிற தளத்துக்கே மறுபடி மின்சாரம் அனுப்பும். மெயினை அணைத்தாயிற்று என்று நம்பி எங்கள் ஆட்கள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஆகவே மெயின், ஜெனரேட்டரின் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான், பில்லிங் யு.பி.எஸ்., மாடியில் சோலார் இருந்தால் அதன் ஸ்விட்ச் ஆகிய எல்லாம் எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் அணைக்க வேண்டும் என்று உங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து நடந்தே காட்டச் சொல்லி, சிவப்புப் பெயிண்டில் எண் போடுங்கள். இந்த ஒரு பக்கம் நீங்கள் எழுதும் திட்டத்திலேயே எங்களுக்கு அதிகம் உதவுகிற பக்கம். அதன் நகல் ஒன்றை உள்ளூர் நிலையத்தில் கொடுத்துவையுங்கள்.

தீயணைப்பான்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். சிறிய சிலிண்டர் பத்து இருபது நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாத தீயை அது அணைக்காது. வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று அடிக்க வேண்டும். ஒன்று காலியாகியும் எரிந்தால் விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். முதலாளியின் கடையைக் காப்பாற்றுவது ஊழியர் வேலை இல்லை என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

ஒத்திகை. முதல் தடவை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், காலையில் கடை திறப்பதற்கு முன்னால், ஊழியர்களை மட்டும் வைத்து. மெகாஃபோன் அறிவிப்பிலிருந்து கடைசி ஆள் கூடுமிடத்துக்கு வருகிற வரை ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். கூடுமிடம் வண்டி வந்து நிற்கிற இடமாக இருக்கக்கூடாது. எதிர்ப்பக்கக் கோயில் வாசலோ ஏதாவது ஒரு திடலோ இருக்கட்டும். அங்கே வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட வேண்டும். அடுத்த தடவை ஒரு படிக்கட்டைக் கயிறு கட்டி மறித்துவிட்டுச் செய்யுங்கள். ஒரே படிக்கட்டுதான் என்றால் அதை மறித்ததும் என்ன செய்வதென்று எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. வெளிப்புறத்தில் இரும்புப் படிக்கட்டு போடப் பணம் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்புறம் இரவில் ஒன்று, மூன்றாம் மாடிப் பிள்ளைகளை வைத்து. ஒத்திகையில் கண்ட குறை, யார் எப்போது சரிசெய்வது என்று அரைப்பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். சான்று புதுப்பிக்கும்போது அதிகாரி பார்க்க விரும்புவது அந்த அரைப்பக்கத்தைத்தான். நிலையத்தில் எழுதிக் கேட்டால் செயல்விளக்கம் காட்ட ஆட்களே வருவார்கள்.

காவிரிப் படுகையில் இருந்துகொண்டு தீயை மட்டும் எழுதினால் போதாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துப் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள்: எச்சரிக்கை வந்தால் ஊழியர்களை எந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவது, விடுதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு யார் பேசுவது, டீசல் எவ்வளவு கையிருப்பு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. ஜெனரேட்டர் தாழ்வான இடத்தில் இருந்தால் மேடை கட்டி உயர்த்துங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டரே தண்ணீரில் மூழ்கியது.

மனைவியின் பள்ளிக்கு இதையே பெயர் மாற்றிக் கொடுக்கலாமா என்றால், கூடாது. கன்சல்டன்ட் செய்ததையே நீங்களும் செய்வதாக ஆகிவிடும். ஜவுளிக்கடைக்கு வருகிறவர் சொன்னால் இறங்கிவிடுவார். ஐந்து வயதுப் பிள்ளை பயந்தால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

2004 நம் காவிரிக் கரைக்குப் பொல்லாத வருடம். ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி எரிந்து 94 குழந்தைகள். சமையல் கூடம், மேலே கீற்றுக் கூரை, மாடியில் சின்னக் குழந்தைகள், இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. தனித்தனியாக எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த விஷயங்கள்தான். 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குத் தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம் என்று உத்தரவிட்டதே இந்தத் தீயை முன்வைத்துப் போட்ட வழக்கில்தான். 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்குத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று என்று நான்கும் உங்கள் மனைவி ஏற்கெனவே அலைந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

அந்த நான்கு காகிதத்திலும் இல்லாத சிலவற்றை அவர் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். சத்துணவுக் கூட அம்மா இருவரும் ஒத்திகையில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டரை மூடுவது யார் என்றால் அவர்கள்தான். வருகைப் பதிவேடு ஆசிரியரின் கையோடு வெளியே வர வேண்டும், பீரோவில் கிடக்கக்கூடாது. ஆசிரியர் முன்னால் போனால் பின்னால் யார் விடுபட்டார்கள் என்று தெரியாது. பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னே நடக்க, ஆசிரியர் கடைசியாக வகுப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காது கேளாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பெரியவர், அவர் லீவில் இருந்தால் இன்னொருவர். பள்ளிவிடும் நேரத்தில் வாசலை அடைத்து நிற்கும் ஆட்டோக்களையும் வேன்களையும் பத்தடி தள்ளி நிறுத்த இப்போதே கோடு போட வேண்டும்.

பள்ளித் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது, பிள்ளைகளைத் திரும்ப ஒப்படைப்பது. சின்னதாகப் புகை வந்தாலும் கால்மணி நேரத்தில் ஊரே வாசலில் நிற்கும். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனது, எந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இல்லாத பிள்ளையைத் தேடி எங்கள் ஆட்கள் எரிகிற வகுப்புக்குள் போவார்கள். எனவே கூடுமிடத்தில் வகுப்புவாரியாக உட்கார வைத்து, ஒரே ஒரு வழியில், பெற்றோரின் பெயரும் போன் எண்ணும் உள்ள பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். இதை முன்பே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவைத்தால் அன்றைக்குச் சண்டை வராது.

கடைசியாக இன்சூரன்ஸ். ஒத்திகைப் பதிவு, தீயணைப்பான் நிரப்பிய ரசீது, மின்சார வேலை செய்த பில் எல்லாவற்றையும் கட்டடத்துக்கு வெளியேயும் ஒரு நகல் வையுங்கள். சர்வேயர் வந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான், எரிந்த பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், பாலிசியை எடுத்து, கட்டடம் எந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கடையும் குடோனும் என்று மட்டும் இருந்து, மூன்றாம் மாடியில் ஆட்கள் தங்குவது சொல்லப்படாமல் இருந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே வில்லங்கமாகும். கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, திருத்திய பாலிசியைக் கையில் வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும். வீடு பார்த்துப் பிள்ளைகளை மாற்றிய பிறகு மறுபடி எழுதிக் குறைத்துக்கொள்ளலாம்.